புல் முளைத்தால்தான் பாட்டு

*ஆண்டுக்கு ஐந்து நாள் இரண்டு லட்சம் பேர் வாழும் நகரமாக மாறும் ஒரு பால் பண்ணை. அரை நூற்றாண்டைக் கடந்து நிற்கும் கிளாஸ்டன்பரி இசைவிழாவின் கதை.*

2024 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்குக் கிளாஸ்டன்பரி இசைவிழாவின் டிக்கெட் விற்பனை தொடங்கியது. முப்பத்தைந்து நிமிடத்துக்குள் எல்லாம் தீர்ந்துபோனது. ஒரு டிக்கெட்டின் விலை 373.50 பவுண்ட், முன்பதிவுக் கட்டணம் 5 பவுண்ட் தனி. நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல்.

இதில் வியப்பு, வாங்கியவர்களில் ஒருவருக்கும் மறு ஆண்டு ஜூன் மாதம் மேடையேறப் போவது யார் என்று தெரியாது என்பதுதான். பாடகர் பட்டியல் வெளிவரப் பல மாதங்கள் இருந்தன. ஆண்டுதோறும் இதே கதைதான். யார் பாடுகிறார்கள் என்று கேட்காமலே ஜனங்கள் பணம் கட்டுகிறார்கள்.

அப்படி என்ன இருக்கிறது அங்கே? நூற்றுக்கும் மேற்பட்ட மேடைகள், உலகின் பெரிய பாடகர்கள், விடியவிடிய ஆட்டம் என்று அடுக்கலாம். ஆனால் பெரிய பாடகர்களைக் காசு கொடுத்து யாரும் அழைத்துவரலாம். உலகில் பல விழாக்கள் அதைச் செய்கின்றன. கிளாஸ்டன்பரி நடக்கிற இடம் ஒரு பால் பண்ணை. அங்கே மாடுகள் உண்டு, கறவை உண்டு, வைக்கோல் உண்டு. மற்ற நாட்களில் அந்த நிலத்துக்கு உரியவை பசுக்கள்தான். இந்த ஒரு விஷயமே விழாவின் எல்லாவற்றையும் தீர்மானித்திருக்கிறது: அது எப்போது நடக்கும், எப்போது நடக்காது, கூடார முளை எந்த உலோகத்தில் இருக்கலாம், மனிதர்கள் எங்கே சிறுநீர் கழிக்கலாம் என்பது வரை.

பால் பணத்தில் பாட்டுக் கச்சேரி

இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட் மாவட்டம். அங்கே பில்டன் என்றொரு கிராமம்; சுமார் ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். விழா நடக்கும் 'வொர்தி ஃபார்ம்' பண்ணை இங்கேதான் இருக்கிறது. விழாவுக்குப் பெயர் தந்த கிளாஸ்டன்பரி ஊர் சில மைல் தள்ளி இருக்கிறது.

1954-இல் தந்தை இறந்ததும் பண்ணைப் பொறுப்பு மைக்கேல் ஈவிஸ் தலையில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 19. மெத்தடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம், ஞாயிறு தவறாமல் கோயில், காலையும் மாலையும் பால் கறப்பு என்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கை. 1970 ஜூனில் பக்கத்தில் நடந்த பாத் ப்ளூஸ் விழாவுக்குப் போய் லெட் ஸெப்பலின் குழுவின் வாசிப்பைக் கேட்டார். நம் வயலிலும் இப்படி ஒன்று நடத்தினால் பண்ணைக் கடன் அடையுமே என்று தோன்றியது.

அதே ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி முதல் விழா நடந்தது. கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. நுழைவுக் கட்டணம் 1 பவுண்ட். வந்தவர்களுக்குப் பண்ணைப் பால் இலவசம். வருவதாக இருந்த 'தி கிங்ஸ்' குழு வராமல்போக, பிற்பாடு 'டி. ரெக்ஸ்' என்று புகழ்பெற்ற மார்க் போலனின் குழு வந்து பாடியது. கூடியது சுமார் 1,500 பேர். கடன் அடையவில்லை, ஏறியது. போலனுக்குத் தர வேண்டிய தொகையை மாதாமாதம் வரும் பால் பணத்திலிருந்து தவணையாகக் கொடுத்துத் தீர்த்தார் ஈவிஸ்.

மறு ஆண்டு, கோடைச் சூரியத் திருப்ப நாளை ஒட்டி, வேறு சிலர் முன்னின்று விழா எடுத்தார்கள். முன்னாள் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலின் பேத்தி அரபெல்லா சர்ச்சில் அவர்களில் ஒருவர். அனுமதி இலவசம். எகிப்தின் கிஸா பிரமிடைச் சிறிதாக்கிய வடிவில் மேடை எழுந்தது. அதுதான் இன்றுவரை விழாவின் முகமாக இருக்கும் 'பிரமிட் மேடை'. அன்று அவ்வளவு பெயர் பெற்றிராத டேவிட் போவி விடியற்காலையில் அந்த மேடையில் பாடினார். இருபத்தொன்பது ஆண்டு கழித்து, 2000-இல், உலகப் புகழோடு அதே பண்ணைக்குத் திரும்பி வந்து முதன்மைக் கச்சேரி செய்தார்.

1981-இல் அணு ஆயுத ஒழிப்பு இயக்கத்துக்கு நிதி திரட்ட விழா நடந்தபோது பிரமிட் மேடை நிரந்தரக் கட்டடமாயிற்று. தந்திக் கம்பங்களையும், ராணுவ அமைச்சகம் வேண்டாமென்று விற்ற உலோகத் தகடுகளையும் கொண்டு அதைக் கட்டினார்கள். ராணுவத் தகட்டின் கீழ் நின்று அணுகுண்டுக்கு எதிராகப் பாடினார்கள்! கோடை முடிந்ததும் அதே மேடை மாட்டுக் கொட்டகையாகவும் தீவனக் கிடங்காகவும் மாறியது. 1994-இல் விழாவுக்குச் சில நாட்களே இருக்கும்போது அது எரிந்துபோக, அவ்வாண்டு வேறொரு மேடையை வைத்துச் சமாளித்தார்கள். இப்போது நிற்கும் எஃகு பிரமிட் 2000-இல் எழுந்தது.

புதன் முதல் திங்கள் வரை

ஜூன் கடைசி வாரம், புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வாயில் திறக்கும். முதுகில் மூட்டை, கையில் கூடாரச் சுருள், இழுவண்டியில் பீர் பெட்டி என்று ஜனங்கள் அதற்கு முன்பே வரிசையில் நிற்பார்கள். கண்ணாடிப் புட்டி கூடாது. மற்றபடி குடிக்கக் கொண்டுவருவதற்குத் தடையில்லை. பெரிய மேடைகளில் இசை வெள்ளிக்கிழமைதான் தொடங்கும். ஆனாலும் கூட்டம் புதனன்றே வந்துவிடும், நல்ல இடம் பிடிக்க.

நல்ல இடம் என்றால் மேட்டு நிலம். பள்ளத்தில் கூடாரம் போட்டவர்களின் கதி 2005-இல் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் இடி மின்னலோடு பெய்த மழையில் தாழ்வான இடத்துக் கூடாரங்கள் உள்ளிருந்த பொருட்களோடு நீரில் மிதந்தன. 1997, 1998, 2007, 2016 ஆகிய ஆண்டுகளும் சேற்றுக்குப் பேர்போனவை. அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் களிமண். மழைநீரை உள்ளே விடாது. ஒரு லட்சம் ஜோடிக் கால்கள் மிதித்தால் குழைந்து, பூட்ஸைப் பிடித்து இழுக்கும். அதனால் வெயில் காயும் என்று வானிலை அறிக்கை சொன்னாலும் அனுபவசாலிகள் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸை விட்டுவிட்டு வருவதில்லை. வெயிலும் லேசுப்பட்டதல்ல. 2017 விழா தொடங்கிய புதன்கிழமை, பிரிட்டனில் 1976-க்குப் பின் வந்த மிக வெப்பமான ஜூன் நாளாக இருந்தது. நிழலுக்கு மரமில்லாத மேய்ச்சல் வெளியில் தண்ணீர்க் குழாய்க்கு நீண்ட வரிசை.

சுமார் 2,10,000 பேர் கூடும் இடம் அது. 2011 கணக்கெடுப்பில் தஞ்சாவூர் மாநகரின் மக்கள்தொகையே 2.2 லட்சத்தைச் சற்றுத் தாண்டியதுதான். தஞ்சாவூரை வீடு வாசலோடு புதனன்று கொண்டுவந்து இறக்கி, திங்களன்று திரும்ப ஏற்றிக்கொண்டு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊருக்குத் தண்ணீர், மருத்துவம், போலீஸ், கடைத்தெரு எல்லாம் வேண்டும். முக்கியமாகக் கழிப்பறை வேண்டும்.

கிளாஸ்டன்பரிக்குப் போய்வந்தவர்கள் பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் கழிப்பறையைப் பற்றிப் பேசுவார்கள். நாலாயிரத்துக்கும் அதிகமாக உண்டு. ஆழமான நெடுங்குழியின் மேல் வரிசையாகத் தடுப்பு அடித்து, கூரையில்லாமல் விட்டது ஒரு வகை. உள்ளே குனிந்து பார்ப்பது முதல்முறை வருபவர்கள் செய்யும் தவறு. இன்னொரு வகை, ஒவ்வொருவரும் போய் முடித்ததும் ஒரு குவளை மரத்தூளை அள்ளிப் போடுவது. நாற்றம் குறைவு, கழிவு உரமாகிறது. பண்ணைக்குத் தெரிந்த வித்தை.

கூடாரம் போட்டபின் நடை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகக் கூட்ட நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பிரமிட் மேடைக்கு எதிரே நிலம் சரிவாக ஏறுவதால், பின்னால் நிற்பவருக்கும் மேடை தெரியும். யாரும் வெட்டிச் சீர்படுத்தாத இயற்கை அரங்கம் அது. அதை விட்டு விலகினால் பசுமை வயல்கள் எனப்படும் பகுதி: தச்சு, கொல்லுப் பட்டறை, கூடை முடைதல், யோகா. குழந்தைகளுக்குத் தனி வயல். மேட்டில் 1990-களில் நட்ட கல்வட்டம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து சூரிய உதயம் பார்ப்பது ஒரு சடங்காகிவிட்டது. ஆப்பிள் சைடர் விற்கும் பழைய டபுள் டெக்கர் பேருந்து ஒன்று சந்திப்பு இடமாகவே ஆகிவிட்டது. ஜூன் கடைசியில் அங்கே இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். முதன்மைக் கச்சேரிகள் முடிந்தபின் தென்கிழக்கு மூலையில் விடியும்வரை ஆட்டம்.

பழகியவர்கள் சொல்லும் யோசனை: நிகழ்ச்சி நிரலை நம்பாதே. ஒரே நேரத்தில் பத்து மேடையில் பாட்டு நடக்கும்போது, ஒன்றைக் கேட்பது ஒன்பதை விடுவதுதான். போகிற வழியில் காதில் விழுந்ததைக் கேட்டு நின்றவர்களுக்கே நல்ல நினைவுகள் வாய்க்கின்றன.

பெரிய மேடையில் அப்படியொரு தருணம் 2023-இல் வாய்த்தது. ஸ்காட்லாந்துப் பாடகர் லூயிஸ் கபால்டிக்கு டூரெட் என்ற நரம்புக் கோளாறு உண்டு. பிரமிட் மேடையில் தன் புகழ்பெற்ற பாட்டை முடிக்க முடியாமல் அவர் தவித்தபோது, சரிவில் நின்ற கூட்டம் முழுவதும் அந்தப் பாட்டை எடுத்துப் பாடி முடித்துக் கொடுத்தது. அதன்பின் ஓய்வுக்குப் போன கபால்டி, 2025-இல் முன்னறிவிப்பின்றி அதே மேடைக்கு வந்தார்.

போக நினைப்பவர்களுக்கு

• முதலில் புகைப்படத்தோடு இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். டிக்கெட்டில் உங்கள் படம் இருக்கும். வேறொருவருக்கு மாற்ற முடியாது. 2007-இல் வந்த இந்த ஏற்பாடு கள்ளச் சந்தையை ஒடுக்கிவிட்டது.

• பொது விற்பனை வழக்கமாக நவம்பரில். முன்பணம் கட்டிவிட்டு மீதியை ஏப்ரலில் கட்டலாம். கட்டாதவர்களின் டிக்கெட் மறுவிற்பனைக்கு வரும்.

• ரயிலில் வருவோருக்கு அருகிலுள்ள நிலையம் காசில் கேரி. அங்கிருந்து விழாப் பேருந்து உண்டு.

• பணமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி: ஆக்ஸ்ஃபாம் போன்ற தொண்டு நிறுவனங்களின் சார்பில் வாயில் காவல், வழிகாட்டல் வேலை. மூன்று முறை, முறைக்கு எட்டு மணி நேரம் வாக்கில் நின்றால் விழாவில் இடம் கிடைக்கும். உங்கள் உழைப்புக்காக விழாக்குழு தரும் பணம் தொண்டு நிறுவனத்துக்குப் போகும்.

• ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் 2019 முதல் அங்கே விற்பனையில் இல்லை. சொந்தமாகக் குப்பி கொண்டுபோக வேண்டும்.

முளையும் மடியும்

திங்கட்கிழமை ஜனங்கள் கிளம்பியதும் பண்ணையின் வேலை தொடங்குகிறது. தொண்டர்கள் வரிசை கட்டி நின்று வயல்களில் குப்பை பொறுக்குவார்கள். டிராக்டரில் காந்தம் கட்டி இழுப்பார்கள். கூடாரத்தை இறுக்கிய கம்பி முளை ஒன்று புல்லில் தங்கிவிட்டால், மேயும் பசு அதை விழுங்கிவிடும்; வயிற்றைக் கிழித்து உயிரையே எடுத்துவிடும். ஒருசமயம் மண்ணில் மக்கும் மாவுச்சத்து முளைகளை விழாக்குழுவே செய்து கொடுத்துப் பார்த்தது. கூடாரங்களை விட்டுவிட்டுப் போகும் வழக்கமும் பல ஆண்டு பிரச்சாரத்தால் குறைந்தது. 2019-இல் 99.3 சதவீதக் கூடாரங்களைச் சொந்தக்காரர்களே எடுத்துச் சென்றதாக விழாக்குழு சொன்னது.

பண்ணை ஊடாக வைட்லேக் என்ற சிற்றாறு ஓடுகிறது. 2014 விழாவின்போது கழிவுநீர்த் தொட்டி கசிந்து அதில் கலக்க, மீன்கள் செத்தன. 2016-இல் நீதிமன்றம் விழா நிறுவனத்துக்கு அபராதம் விதித்தது. 2019 விழாவின்போது பேங்கர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஆற்று நீரைச் சோதித்தார்கள். முடிவு 2021-இல் வெளிவந்தது. கொக்கெய்ன், எம்டிஎம்ஏ ஆகிய போதைப்பொருட்கள் நீரில் இருந்தன. கொக்கெய்ன் அளவு, அழிவின் விளிம்பில் இருக்கும் ஐரோப்பிய விலாங்கு மீனைப் பாதிக்கக்கூடியது. போதைப்பொருள் எடுத்தவர்கள் கழிப்பறை வரிசையில் நிற்கச் சோம்பி வேலியோரம் ஒதுங்கியதன் விளைவு. வயலில் சிறுநீர் கழிக்காதீர் என்று விழாக்குழு ஏன் கெஞ்சுகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலான பண்ணை வழக்கம், தரிசு விடுவது. நான்கைந்து ஆண்டு விழா நடந்தால் ஓராண்டு நிறுத்திவிடுவார்கள். 1988, 1996, 2006, 2018 எனப் பல ஆண்டுகள் இப்படிப் போயின. 2012-இல் லண்டன் ஒலிம்பிக்ஸ் காரணமாகப் போலீசுக்கும் நடமாடும் கழிப்பறைக்கும் தட்டுப்பாடு வரும் என்பதும் சேர்ந்துகொண்டது. 2026-உம் தரிசு ஆண்டு. டிக்கெட் அரை மணி நேரத்தில் விற்கும் ஒரு வியாபாரம், மண் ஆற வேண்டும் என்று ஓராண்டு வருமானத்தை விடுகிறது! முதலீட்டாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனமாக இருந்தால் இந்த முடிவு கூட்ட அறையைத் தாண்டியிருக்காது.

வேலி வந்த கதை

பண்ணை எப்போதும் இவ்வளவு கட்டுப்பாட்டோடு இருந்ததில்லை. வேலி ஏறிக் குதிப்பது கிளாஸ்டன்பரியில் நெடுங்காலம் ஒரு விளையாட்டாக இருந்தது. 2000-இல் அது எல்லை மீறியது. டிக்கெட் வாங்கியவர்கள் எத்தனை பேரோ, ஏறக்குறைய அத்தனை பேர் இலவசமாகவும் உள்ளே இருந்ததாக மதிப்பிட்டார்கள். அசம்பாவிதம் இல்லாமல் முடிந்தது. ஆனால் அடுத்த வாரமே, ஜூன் 30 அன்று, டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் பேர்ல் ஜாம் குழு பாடிக்கொண்டிருந்தபோது நெரிசலில் ஒன்பது பேர் இறந்தார்கள். கிளாஸ்டன்பரியில் என்ன நடந்திருக்கலாம் என்பது எல்லோருக்கும் உறைத்தது. 2001-இல் விழா இல்லை. 2002-இல் நான்கு மீட்டர் உயர எஃகு வேலி பண்ணையைச் சுற்றி எழுந்தது. பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள்: இது இனி நம் விழா இல்லை, பணக்காரர் விழா என்று. அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. மறுபாதி, வேலி வராவிட்டால் விழாவே இருந்திராது.

இரண்டு பால்காரர்கள்

1969-இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் விழாவுக்கு இடம் தந்தவரும் ஒரு பால் பண்ணைக்காரர்தான்: மேக்ஸ் யாஸ்கர். நான்கு லட்சத்துக்கு மேல் திரண்ட அந்தக் கூட்டத்தின் முன் மழையில் சிதார் வாசித்தார் ரவிசங்கர். விழா முடிந்ததும் அக்கம்பக்கத்து விவசாயிகள் தங்கள் நிலம் நாசமானதாக யாஸ்கர் மேல் வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு இடம் கேட்டு வந்தவர்களிடம் அவர் முடியாது என்றார். 1973-இல் இறந்துபோனார். அதே பெயரில் 1999-இல் ஒரு கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் நடத்திய விழா, சுட்டெரிக்கும் தார்த் தளமும் கொள்ளை விலைத் தண்ணீருமாகத் தொடங்கித் தீவைப்பில் முடிந்தது.

யாஸ்கர் நிலத்தை வாடகைக்கு விட்டார். விழா வேறு யாருடையதோ. ஈவிஸ் குடும்பத்துக்கோ நிலமும் அவர்களுடையது, விழாவும் அவர்களுடையது. சேறானால் அவர்கள் வயல்தான் சேறாகும்; ஆறு கெட்டால் அவர்கள் ஆறுதான். ஊராரின் முகத்திலும் தினமும் விழிக்க வேண்டும். விழா வருமானத்தில் பில்டன் கிராமத்தின் பழைய தானியக் களஞ்சியம் புதுப்பிக்கப்பட்டது. ஈவிஸ் தந்த நிலத்தில் குறைந்த வாடகை வீடுகள் எழுந்தன. இன்று விழாவை முன்னின்று நடத்துபவர் அவர் மகள் எமிலி ஈவிஸ்.

மேடையில் யார்?

பல காலம் கிளாஸ்டன்பரி கிட்டாரும் வெள்ளைக்காரரும் ஆண்ட மேடை. 2008-இல் அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஸி முதன்மைக் கச்சேரி செய்யப்போகிறார் என்றதும் 'ஒயேசிஸ்' குழுவின் நோயல் கேலகர் உள்ளிட்டோர் அது பொருந்தாது என்றார்கள். ஜே-ஸி வந்து, கேலகரின் பாட்டையே கேலியாகப் பாடித் தொடங்கிக் கூட்டத்தைக் கைக்குள் போட்டுக்கொண்டார். 2019-இல் லண்டன் ராப் பாடகர் ஸ்டோர்ம்ஸி, பிரிட்டன் கொடி வரையப்பட்ட, கத்திக்குத்தைத் தடுக்கும் கவசத்தை அணிந்து அதே பிரமிட் மேடையில் நின்றார்.

தமிழருக்கும் இங்கே ஒரு பக்கம் உண்டு. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986-இல் அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ. 2014-இல் வெஸ்ட் ஹோல்ட்ஸ் மேடையின் வெள்ளிக்கிழமை இரவை முடித்து வைத்தார். பத்தாண்டு கழித்து, 2024-இல், தெற்காசியக் கலைஞர்களுக்கென்றே 'அரைவல்ஸ்' என்ற தனி இடம் முதன்முறையாக விழாவில் திறந்தது. பாட வருகிறவர்களின் நிறம் மாறிய வேகத்தில் கேட்க வருகிறவர்களின் நிறம் மாறவில்லை. சேற்று வெளியில் ஐந்து நாள் கூடாரத்தில் தங்க நாற்பதாயிரம் ரூபாய் கட்டுவது எல்லார் வீட்டிலும் கோடை விடுமுறையின் வழக்கமல்ல.

இனி?

விலையைத் தவிர இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று வெயில், ஜூன் மாதங்கள் சூடேறி வருகின்றன. இன்னொன்று, கூட்டம் ஒரே பக்கம் சாய்வது. எந்தப் பாட்டு வைரலாகும் என்று விழாக்குழுவுக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. சிறிய மேடையில் போட்ட பாடகர் ஆறே மாதத்தில் நட்சத்திரமாகிவிட்டால், அந்த வயல் தாங்காது. 2025-இல் இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது: சில ஆயிரம் டிக்கெட்டுகளைக் குறைத்து விற்றார்கள்.

இசை வியாபாரத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு. இடம் நிரம்பினால் அடுத்த முறை இன்னும் பெரிய இடம். டிக்கெட் தீர்ந்தால் இன்னொரு நாள். கறவை மாட்டோடு வளர்ந்தவர்களுக்கு வேறு கணக்கு தெரியும்: கன்றுக்கு விடாமல் ஒட்டக் கறந்தால் மறுவேளைக்குப் பால் இருக்காது. வெளியரங்கக் கச்சேரி நடத்த நினைக்கும் எவரும் கிளாஸ்டன்பரியிடம் கற்க வேண்டியது மேடை அமைப்போ ஒளி வித்தையோ அல்ல. போதும் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதைத்தான்.